வெல்ஹால் சாலைக் கொலையும் ஆங்கில நாளேடுகளும்

லண்டன் மாநகரின் தென்கிழக்கில் எல்தம் என்னும் புறநகர் உள்ளது. அங்கே வெல்ஹால் சாலையிலுள்ள பேருந்து நிறுத்தம் ஒன்றில், 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் வியாழக்கிழமை இரவு பத்தரை மணியளவில், பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் தம் நண்பருடன் பேருந்துக்காகக் காத்திருந்தார். அவர் பெயர் ஸ்டீபன் லாரன்ஸ். ஜமைக்காத் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய நெவில், டோரீன் இணையரின் மூத்த மகன். கட்டடக்கலை பயின்று அத்துறையில் உயர விரும்பிய மாணவர். உடனிருந்த நண்பர் டுவேன் புரூக்ஸ். பேருந்து வருகிறதா என்று பார்ப்பதற்காக ஸ்டீபன் சற்று விலகிச் சென்றபோது, எதிர்ப்புறத்திலிருந்து வெள்ளை இளைஞர் கூட்டம் ஒன்று இனத்தைப் பழிக்கும் சொல்லொன்றைக் கூவியவாறு சாலையைக் கடந்து வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. இருமுறை கத்தி பாய்ந்தது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. குருதி பெருகிய நிலையிலும் நூறு மீட்டருக்கு மேல் ஓடிய ஸ்டீபன், நடைபாதையில் விழுந்தார், மீண்டும் எழவில்லை.

அவ்வேளையில், வழிபாட்டுக் கூட்டம் ஒன்றிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த கணவன் மனைவி இருவர் அச்சாலை வழியே வந்தனர். இரு கறுப்பு இளைஞர் இரவில் ஓடிவருவதைக் கண்டபோது, இஃது ஒரு சூழ்ச்சியாக இருக்குமோ, ஒருவன் விழுந்தவன்போல் நடிக்க மற்றவன் தம்மைத் தாக்கிப் பறிக்க முயல்கிறானோ என்னும் எண்ணம் அக்கணவரின் மனத்தில் மின்னி மறைந்தது. பிற்காலத்தில் பொது விசாரணையின்முன் சாட்சியளித்தபோது அவரே இதை ஒளிக்காமல் கூறினார். எண்ணம் அவ்வாறு எழுந்தபோதிலும் அவர்கள் விலகிச் செல்லவில்லை. இருவரும் ஸ்டீபனின் அருகே மண்டியிட்டனர். உணர்வு மங்கும்போது செவியே இறுதியில் ஓயும் என்று அறிந்திருந்த அம்மாது, நீ அன்பு செய்யப்படுகிறாய் என்னும் பொருள்பட அவ்விளைஞரின் காதில் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்லுள்ளம் படைத்த ஒருவர் மனத்திலும் அந்த ஒரு நொடி ஐயம் எங்கிருந்து வந்தது? அவர் அவ்விளைஞர்களை அதற்குமுன் கண்டதில்லை. அவர்களால் தீங்கு எதுவும் அடைந்ததுமில்லை. அவ்வையம் அவருடைய சொந்த அனுபவத்தில் விளைந்ததன்று. இருபது ஆண்டுகளாக நாளேடுகளும் நீதிமன்றங்களும் காவல்துறையும் கூடி உருவாக்கிப் பொதுமக்களின் மனத்தில் விதைத்த ஒரு சொல்லின் விளைவு அது. அச்சொல்லின் வரலாற்றை அறியாமல் வெல்ஹால் சாலைக் கொலையின் வரலாற்றை அறிய இயலாது.

ஒரு சொல்லின் வருகை

தெருவில் செல்வோரைத் தாக்கிப் பொருள் பறிக்கும் குற்றம் இங்கிலாந்துக்குப் புதியதன்று. வழிப்பறியைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகவே உண்டு. எனினும், 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தின் அருகே முதியவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டபோது, அமெரிக்க நகரங்களில் வழங்கிவந்த 'மக்கிங்' என்னும் சொல் பிரிட்டிஷ் நாளேடுகளில் இடம்பிடித்தது. குற்றம் பழையது; பெயர் புதியது. புதுப்பெயர் வந்ததும் குற்றமே புதிதாக முளைத்ததுபோன்ற தோற்றம் உண்டாயிற்று. அமெரிக்காவில் அச்சொல்லோடு ஒட்டியிருந்த நிறச்சாயலும் உடன் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில், 'மக்கிங்' என்ற மாத்திரத்தில் கறுப்பு இளைஞனின் உருவமே வாசகரின் மனக்கண்ணில் தோன்றும் நிலை ஏற்பட்டது.

1973-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பர்மிங்காம் நகரின் ஹான்ட்ஸ்வொர்த் பகுதியில் நிகழ்ந்த வழிப்பறி வழக்கொன்றில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இருபது ஆண்டுத் தண்டனையும், உடனிருந்த இருவருக்குப் பத்துப்பத்து ஆண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்த பர்மிங்காம் பல்கலைக்கழகப் பண்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர் குழு 1978-இல் ஒரு நூலை வெளியிட்டது. அக்குழுவின் தலைவர் ஸ்டூவர்ட் ஹால். ஸ்டீபனின் பெற்றோரைப்போலவே ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்தவர். அந்நூல் எடுத்துக்காட்டிய உண்மை எளியது, ஆயினும் ஆழமானது. குற்றச்செய்திக்கு நாளேடு முதலில் நாடுவது காவல்துறையையும் நீதிபதியையும் அமைச்சரையும். அவர்கள் ஒரு நிகழ்ச்சிக்கு இடும் பெயரே செய்தியின் பெயராகிறது. செய்தியைப் படித்த மக்கள் அஞ்சுகின்றனர். மக்களின் அச்சத்தைச் சுட்டிக்காட்டி நீதிபதி கடுந்தண்டனை விதிக்கிறார். காவல்துறை கூடுதல் அதிகாரம் கேட்கிறது. அத்தீர்ப்பும் அக்கோரிக்கையும் மறுநாள் மீண்டும் செய்தியாகின்றன. இவ்வாறு வட்டம் நிறைவுறுகிறது. இதில் எவரும் பொய் சொல்ல வேண்டிய தேவையில்லை. ஒவ்வொருவரும் மற்றவரை மேற்கோள் காட்டினாலே போதும்.

சட்டமும் இவ்வட்டத்துக்குத் துணைநின்றது. 1824-ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தின் நான்காம் பிரிவு, குற்றம் செய்யும் நோக்கத்தோடு திரிவதாகச் சந்தேகிக்கப்படுபவரைக் கைது செய்யக் காவலருக்கு அதிகாரம் அளித்தது. சந்தேகம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாக அதை 'சஸ்' சட்டம் என்றே மக்கள் அழைத்தனர். குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. பொருளிழந்தவர் என்று ஒருவரும் இருக்க வேண்டியதில்லை. காவலரின் சொல்லே சாட்சியமாகப் போதுமானது. நெப்போலியப் போர்களுக்குப்பின் ஊர்சுற்றிய ஏழைகளையும் வேலையிழந்த வீரர்களையும் கருதி இயற்றப்பட்ட அச்சட்டம், 1970-களில் நகரத் தெருக்களில் கறுப்பு இளைஞர்கள்மீது பெருமளவில் ஏவப்பட்டது. செயலை விடுத்துப் பிறப்பைச் சந்தேகித்த ஆங்கிலேயர் சட்டம் தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. 1871-இல் இந்தியாவில் இயற்றப்பட்டு 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், குற்றம் செய்யாதவரையும் அவர் பிறந்த சாதியைக்கொண்டே குற்றவாளியாகப் பதிவுசெய்தது. அதன் கொடுமையை 1920-இல் பெருங்காமநல்லூர் தன் குருதியால் எழுதிக்காட்டியது. இந்தியாவில் அச்சட்டம் 1952-இல் ஒழிந்தது. பிரிட்டனில் 'சஸ்' பிரிவு 1981 வரை உயிரோடிருந்தது.

பதின்மூவர் மரணமும் ஓர் ஊர்வலமும்

அந்த 1981-ஆம் ஆண்டு பிரிட்டனின் கறுப்பின மக்கள் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். சனவரி 18-ஆம் நாள் விடியற்காலையில், எல்தமுக்குச் சில மைல் தொலைவிலுள்ள நியூகிராஸ் பகுதியில் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டில் தீப்பற்றி, பதின்மூன்று கறுப்பின இளைஞர்கள் மாண்டனர். இனவெறியரின் தீவைப்பாக இருக்கலாம் என்னும் ஐயம் அப்பகுதி மக்களிடையே பரவியது. 1981-இலும் 2004-இலும் நடந்த மரண விசாரணைகள் இரண்டும் காரணத்தை அறுதியிடாமலே முடிந்தன. எனினும் மக்களின் நெஞ்சைச் சுட்டது தீ மட்டுமன்று. இத்தனை இளம் உயிர்கள் போனபின்பும் நாட்டின் தலைமையிடமிருந்து இரங்கற்செய்தி உரிய காலத்தில் வரவில்லை. அடுத்த மாதம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடன அரங்கு ஒன்று தீப்பற்றிப் பலர் மாண்டபோதோ இரங்கற்செய்தி விரைந்து சென்றது. பதின்மூவர் மாண்டும் எவரும் வாய் திறக்கவில்லை என்னும் பொருள்பட எழுந்த முழக்கம் அம்மக்களின் மனநிலையைக் காட்டும்.

மார்ச் 2-ஆம் நாள் ஏறத்தாழ 20,000 பேர் நியூகிராசிலிருந்து நகரின் நடுப்பகுதிவரை ஊர்வலம் சென்றனர். அது நாளேடுகளின் அலுவலகங்கள் நிறைந்திருந்த ஃப்ளீட் வீதி வழியாகவும் சென்றது. அதுவரை பிரிட்டன் கண்டிராத அளவில் கறுப்பின மக்கள் கூடிய அறப்போராட்டம் அது. மறுநாள் நாளேடுகளைப் பிரித்தவர்கள் கண்டது வேறொரு காட்சி. ஊர்வலத்தின் ஒரு கட்டத்தில் ஏற்பட்ட தள்ளுமுள்ளுகளையே முதன்மைப்படுத்தி, கறுப்பர்கள் நகரில் கலவரம் விளைவித்தனர் என்னும் முறையில் சில ஏடுகள் தலைப்பிட்டன. ஊர்வலம் எதற்காக நடந்ததோ அந்தப் பதின்மூவர் அத்தலைப்புகளில் இல்லை. துயரத்தின்போது அமைதி காத்த அச்சு எந்திரங்கள், சினத்தின்போது மட்டுமே ஓடின.

அடுத்த மாதம் தென்லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில், தெருக்குற்றத்தைத் தடுக்கும் பொருட்டுச் சாதாரண உடையில் இறக்கப்பட்ட காவலர்கள் சில நாள்களில் 943 பேரை நிறுத்திச் சோதனையிட்டனர். 118 பேர் கைதாயினர். ஏப்ரல் 10 முதல் 12 வரை பிரிக்ஸ்டன் பற்றியெரிந்தது. அது குறித்து விசாரித்த ஸ்கார்மன் பிரபு அவ்வாண்டு நவம்பரில் அளித்த அறிக்கை, கறுப்பின மக்கள் நலிந்த நிலையில் வாழ்வதையும் காவலர் சிலரிடம் இனக்காழ்ப்பு இருப்பதையும் ஏற்றது. ஆனால் நிறுவனமயப்பட்ட இனவாதம் என்னும் குற்றச்சாட்டை அவர் மறுத்தார். குறை தனிமனிதரிடம்; அமைப்பு பழுதற்றது என்பதே அதன் சாரம். இம்முடிவு காவல்துறைக்கு ஆறுதலாக அமைந்தது. 1982 மார்ச்சில் லண்டன் மாநகரக் காவல்துறை வெளியிட்ட குற்றப் புள்ளிவிவரங்களில் தெருவழிப்பறிக்கு மட்டும் குற்றவாளியின் நிறம் தனியே எடுத்துக் காட்டப்பட்டது. நாளேடுகள் அதைக் கொட்டை எழுத்துகளில் வெளியிட்டன. 1972-இல் தொடங்கிய வட்டம் இடையறாது சுழன்றுகொண்டிருந்தது.

முதல் இரண்டு வாரங்கள்

இத்தனையும் சேர்ந்த மனநிலையோடுதான் காவலர்கள் 1993-இல் வெல்ஹால் சாலைக்கு வந்தனர். குத்துண்டு கிடந்த இளைஞருக்கு வந்த காவலர்கள் முதலுதவி செய்யவில்லை. தாக்கப்பட்டவரின் நண்பரும் கண்ணால் கண்ட சாட்சியுமான டுவேன் புரூக்ஸ், தொலைபேசிக் கூண்டிலிருந்து அவசர உதவியை அழைத்தவர், பதற்றத்தில் துடித்துக்கொண்டிருந்தவர். அவர் துயருற்றவராக நடத்தப்படாமல் ஐயத்துக்குரியவராகவே நோக்கப்பட்டார். உயிர்பிழைத்து நின்ற கறுப்பு இளைஞனைக் காவலர் கண் முதலில் கண்டது சண்டைக்காரனாகத்தான்.

கொலை நடந்த மறுநாளே ஐயத்துக்குரியோரின் பெயர்கள் காவல்துறைக்கு வரத்தொடங்கின. தொலைபேசிக் கூண்டு ஒன்றிலும் காவல்துறை ஊர்தியின் கண்ணாடியிலும் பெயரிடாக் கடிதங்கள் வைக்கப்பட்டிருந்தன. பலர் வாய்வழி வந்த செய்திகள் எல்லாம் ஒரே சில பெயர்களையே சுட்டின. ஆயினும் எவரும் கைது செய்யப்படவில்லை. ஐயத்துக்குரியோர் வீடுகளை மறைந்திருந்து கண்காணித்தவர்கள், பொருள் அடங்கிய குப்பைப் பைகள் வெளியே கொண்டுபோகப்படுவதைக் கண்டனர், தடுக்கவில்லை. தம்மிடம் வந்த தகவல்களிலிருந்த பெயர்களைத் தாளொன்றில் எழுதி உயரதிகாரி ஒருவரிடம் அளித்தார் டோரீன். அவ்வதிகாரி அத்தாளை டோரீனின் கண்முன்னே சிறியதாய் மடித்துக்கொண்டிருந்ததை அத்தாய் பின்னாளில் விசாரணையில் எடுத்துரைத்தார்.

மே 6-ஆம் நாள், லண்டனுக்கு வந்திருந்த நெல்சன் மண்டேலா ஸ்டீபனின் பெற்றோரைச் சந்தித்தார். அதன் மறுநாள், மே 7-இல்தான், முதல் கைதுகள் நடந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் இரங்கல் சொன்ன பின்னரே அந்நகரத்தின் கவனம் தன் சொந்தத் தெருவின்மீது திரும்பியது. ஆனால் இரு வாரக் காலத்தாழ்வில் தடயங்கள் பல மறைந்திருந்தன. கைதானோரில் இருவர்மீது சாட்டப்பட்ட குற்றமும் சூலை இறுதியில் போதிய சான்றில்லை என்று கைவிடப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் காவல்துறை தானே நடத்திய மறுஆய்வு, புலன்விசாரணையில் குறையில்லை என்று முடிவு கூறியது.

நாளேடுகள் இக்காலத்தில் என்ன செய்தன என்பதும் நோக்கத்தக்கது. அந்த வட்டாரத்தில் இது முதல் கொலையன்று. 1991 பிப்ரவரியில் தேம்ஸ்மீட் பகுதியில் பதினைந்து வயது ரோலன் ஆடம்ஸ் கொல்லப்பட்டார். 1992 சூலையில் எல்தமிலேயே பதினாறு வயது ரோஹித் துக்கல் கொல்லப்பட்டார். இவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் கேள்வி கேட்ட நாளேடுகள் மிகச்சில. வழிப்பறிகளை ஒரே சரடில் கோத்து ஒரு பேராபத்தாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, இக்கொலைகளைக் கோக்கச் சரடு கிடைக்கவில்லை. மே மாதத்தில் இனவெறிக் கட்சியொன்றின் அலுவலகம் அமைந்திருந்த வெல்லிங் பகுதியில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தபோது, 'டெய்லி மெயில்' நாளேடு ஒரு குடும்பத்தின் துயரத்தைப் போராட்டக்காரர்கள் தம் வசமாக்கிக்கொண்டனர் என்னும் தொனியில் எழுதியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் நியூகிராசில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது; கொலை பின்னுக்குச் சென்றது; கொலையைக் கண்டித்தவர்களின் கூச்சல் முன்னுக்கு வந்தது.

ஐந்து முகங்கள்

அரசு கைவிட்ட வழக்கைப் பெற்றோரே தொடுத்தனர். 1996 ஏப்ரலில் லண்டன் மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தில் மூவர்மீது நடந்த அத்தனியார் வழக்கு, டுவேன் புரூக்சின் அடையாளச் சாட்சியத்தை நீதிபதி ஏற்காமையால் வீழ்ந்தது, மூவரும் விடுதலையாயினர். ஒரு குற்றத்துக்காக ஒருவரை இருமுறை விசாரித்தல் கூடாது என்னும் தொன்மையான விதியின்படி, அம்மூவரை இனித் தீண்ட இயலாது என்ற நிலை உருவானது.

1997 பிப்ரவரியில் மரண விசாரணை முடிவுற்றது. ஐயத்துக்குரிய ஐவரும் எக்கேள்விக்கும் விடையளிக்க மறுத்தனர். ஜூரிகள் அரைமணி நேரத்தில் முடிவு கண்டனர். ஐந்து வெள்ளை இளைஞர்களால், எவ்விதத் தூண்டுதலுமின்றி நிகழ்த்தப்பட்ட இனவெறிக் கொலை என்பதே அம்முடிவு. மறுநாள், பிப்ரவரி 14 அன்று, 'டெய்லி மெயில்' தன் முதல் பக்கம் முழுவதிலும் ஐவரின் முகங்களையும் பெயர்களையும் அச்சிட்டு, 'கொலைகாரர்கள்' என்னும் ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக இட்டது. தாம் எழுதியது தவறாயின் தம்மீது வழக்குத் தொடுக்குமாறும் அறைகூவியது. ஐவரில் எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

பிரிட்டிஷ் இதழியல் வரலாற்றில் இதற்கு ஒப்பான தலைப்பு அரிது. நீதிமன்றம் தண்டிக்காதவரை நாளேடு தண்டிப்பதா என்று சட்டவல்லுநர் சிலர் கண்டித்தனர். துணிவுடைய செயல் என்று பலர் பாராட்டினர். அதுவரை இவ்வழக்கைக் கறுப்பினத்தாரின் குறையாகக் கருதியிருந்த நடுத்தர வெள்ளை வாசகர் இலட்சக்கணக்கானோர், அன்று முதல் நாட்டுக்கே நேர்ந்த இழுக்காகக் கருதத்தொடங்கினர் என்பதில் ஐயமில்லை. அவ்வாண்டு சூலையில் புதிய அரசின் உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா பொது விசாரணைக்கு ஆணையிட்டார். தலைப்பின் பங்கும் அதில் உண்டு. அதற்கு நான்காண்டு முன்பிருந்தே ஓயாது போராடிய பெற்றோரின் பங்கு அதனினும் பெரிது.

இங்கு ஒரு சிறு செய்தி கருதத்தக்கது. அந்நாளேட்டின் ஆசிரியர் பால் டேக்கரின் வீட்டில், முன்பொரு காலத்தில் சுவர்ப்பூச்சு வேலை செய்தவர் ஸ்டீபனின் தந்தை நெவில். நேர்மையான, கடும் உழைப்பாளியான மனிதர் என்று ஆசிரியர் அவரை நேரில் அறிந்திருந்தார். ஓர் ஏட்டின் கண் திறந்ததற்கு அறிமுகமும் ஒரு காரணமாயிற்று. அது மனித இயல்பே, பழிக்கத்தக்கதன்று. ஆனால் ஆசிரியரின் வீட்டுச் சுவரைப் பூசாத தந்தையரின் மக்கள் எத்தனையோ பேர் அந்நகரில் உண்டு. அறிமுகத்தால் கிட்டும் பரிவு அறிமுகம் இல்லாதவரைச் சென்றடைவதில்லை. நீதி அவ்வாறு இருத்தல் இயலாது.

பரிவின் எல்லைக்கு மற்றொரு சான்றும் அவ்வழக்கிலேயே உண்டு. ஸ்டீபன் நன்மாணவர், காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர். இச்செய்தி ஒவ்வொரு கட்டுரையிலும் தவறாமல் இடம்பெற்றது, கொலையுண்டவன் நல்லவன் என்பதை மெய்ப்பித்தால்தான் கண்ணீருக்கு உரியவன் என்பதுபோல. டுவேன் புரூக்ஸ் இறக்கவில்லை. ஆகவே அவருக்கு அந்த ஒளிவட்டம் வாய்க்கவில்லை. வெல்லிங் ஊர்வலத்தில் நிகழ்ந்தவற்றுக்காக அவர்மீதே குற்றம் சாட்டப்பட்டது. அவ்வழக்கைத் தொடரவிடாமல் நீதிபதி ஒருவர் 1994 இறுதியில் தடுக்கவேண்டியிருந்தது. அதே இரவில், அதே கூட்டத்தின் முன் நின்ற இருவருள் ஒருவர் சில ஆண்டுகளில் நாட்டின் மனச்சான்றானார். மற்றவர் நெடுங்காலம் ஐயத்துக்கு உரியவராகவே இருந்தார். புரூக்ஸ் பிற்காலத்தில் லூயிஷம் நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது.

எழுபது பரிந்துரைகள்

ஓய்வுபெற்ற நீதிபதி சர் வில்லியம் மெக்ஃபர்சன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1999 பிப்ரவரி 24-இல் வெளியாயிற்று. தொழில்திறன் இன்மை, நிறுவனமயப்பட்ட இனவாதம், உயரதிகாரிகளின் தலைமைக் குறைபாடு ஆகிய மூன்றும் சேர்ந்தே புலன்விசாரணையைக் கெடுத்தன என்று அது முடிவு கூறியது. பதினெட்டு ஆண்டுகளுக்குமுன் ஸ்கார்மன் மறுத்த சொற்றொடரை இப்போது அரசு அமைத்த குழுவே எழுதியது.

அச்சொற்றொடருக்கு அறிக்கை தந்த விளக்கத்தின் சிறப்பு, தனிமனிதரின் வெறுப்பைத் தேடாமையில் உள்ளது. ஓர் அமைப்பு, மக்களின் நிறத்தையோ பண்பாட்டையோ பிறப்பையோ காரணமாகக்கொண்டு அவர்களுக்கு உரிய பணியை முறையாகச் செய்யத் தவறுவதே நிறுவனமயப்பட்ட இனவாதம். அது தீய எண்ணத்தால் மட்டுமன்றி, எண்ணாமையாலும் அறியாமையாலும் நிகழலாம். ஓர் இனத்தாரைப் பற்றி வழிவழியாக வந்த பொதுப்படிமத்தை உண்மையென நம்புவதாலும் நிகழலாம். புரூக்சை ஐயுற்ற காவலர் கறுப்பரை வெறுப்பவராக இருந்திருக்க வேண்டிய தேவையில்லை. நாளேடு படிப்பவராகவும் தம் துறையின் பழக்கத்துக்கு ஆட்பட்டவராகவும் இருந்தாலே போதும்.

அறிக்கையின் எழுபது பரிந்துரைகளுள் பல செயலுக்கு வந்தன. 2000-ஆம் ஆண்டின் இன உறவுகள் திருத்தச் சட்டம் காவல்துறையையும் தன் வரம்பினுள் கொண்டுவந்தது. காவலர்மீதான முறையீடுகளை ஆராயத் தனி ஆணையம் 2004 முதல் இயங்கியது. இருமுறை விசாரணையைத் தடுத்த தொன்மையான விதி, புதிய வலுவான சான்று கிடைத்த கடுங்குற்றங்களுக்கு 2005 முதல் தளர்த்தப்பட்டது. ஆயினும் அன்று புலன்விசாரணையில் தவறிய உயரதிகாரிகளுள் பெரும்பாலோர் ஏற்கெனவே பணி ஓய்வு பெற்றிருந்தமையால் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகவில்லை. அறிக்கை வெளியான சில நாள்களிலேயே வெல்ஹால் சாலையிலுள்ள ஸ்டீபனின் நினைவுக்கல்லின்மீது எவரோ வெள்ளைச் சாயத்தை ஊற்றினர்.

இறுதியில் அறிவியல் உதவிற்று. பாதுகாக்கப்பட்ட ஆடைகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், ஒருவரின் மேற்சட்டையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குருதிக்கறையைக் கண்டனர். அது ஸ்டீபனின் குருதி. கேரி டாப்சன், டேவிட் நாரிஸ் ஆகிய இருவரும் 2012 சனவரி 3-இல் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டு ஆயுள்தண்டனை பெற்றனர். கொலை நிகழ்ந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அதாவது, ஸ்டீபன் உயிர்வாழ்ந்த காலத்துக்கு நிகரான காலம்.

வட்டம் உடைந்ததா?

இத்துடன் கதை முடிந்திருந்தால், தாமதமாயினும் அறம் வென்றது என்று மனநிறைவு கொள்ளலாம். பின்வந்த செய்திகள் அதற்கு இடந்தரவில்லை. காவல்துறையின் மறைமுக உளவாளி ஒருவர் லாரன்ஸ் குடும்பத்தின் ஆதரவாளர் வட்டத்தின் அருகே பணியில் அமர்த்தப்பட்டிருந்தார் என்பது 2014-இல் வெளியான ஆய்வறிக்கையால் உறுதியாயிற்று. 2022-இல் டோரீன், 'டெய்லி மெயில்' ஏட்டை வெளியிடும் நிறுவனம் முறைகேடான வழிகளில் தம்மைப் பற்றிய தகவல் திரட்டியதாகக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தார். நிறுவனம் அதனை மறுத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், தமக்காகக் குரல் கொடுத்த ஏட்டின்மீதே அத்தாய்க்கு நம்பிக்கை தளர்ந்தது என்பது கருதத்தக்கது. 2023 மார்ச்சில் லூயிஸ் கேசி சீமாட்டியின் ஆய்வறிக்கை, லண்டன் மாநகரக் காவல்துறையில் நிறுவனமயப்பட்ட இனவாதம் நீடிக்கிறது என்று மீண்டும் கூறியது. குறைகளை ஏற்ற காவல்துறைத் தலைவர் அச்சொற்றொடரைத் தாம் பயன்படுத்த மறுத்தார். அதே ஆண்டில் பி.பி.சி. புலனாய்வு, கொலையில் ஆறாவதாக ஐயத்துக்குரிய ஒருவரை வெளிப்படுத்தியது. அவர் 2021-இலேயே இறந்துபோயிருந்தார்.

தமிழ் வாசகர் நினைவில் கொள்ளவேண்டிய பெயர் ஒன்றும் இவ்வரலாற்றின் ஓரத்தில் உண்டு. ஸ்டீபன் கொல்லப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1992-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் ஒரு கும்பலால் தாக்கப்பட்டு உயிர்துறந்தவர் பஞ்சாட்சரம் சகிதரன். இலங்கையின் போரிலிருந்து தப்பி அடைக்கலம் நாடி வந்த ஈழத்தமிழர். அவருக்காகவும் அப்பகுதி மக்கள் கூடிக் குரலெழுப்பினர். ஆனால் அவருக்காக எந்த நாளேடும் முதல் பக்கத்தில் முகங்களை அச்சிடவில்லை. எந்த அமைச்சரும் பொது விசாரணைக்கு ஆணையிடவில்லை. ஒருவருக்குக் கிடைத்த வெளிச்சம், மற்றவர்கள்மீது படிந்திருந்த இருளின் அளவையும் சேர்த்தே காட்டுகிறது.

ஸ்டீபனின் உடல் இங்கிலாந்தில் புதைக்கப்படவில்லை. மகனின் கல்லறை அங்கே இழிவுபடுத்தப்படலாம் என்று அஞ்சிய பெற்றோர், அவ்வுடலை ஜமைக்காவுக்குக் கொண்டுசென்று கிளாரண்டனில் அடக்கம் செய்தனர். பிறந்து வளர்ந்த நகரத்தில் அவர் குருதி மட்டுமே எஞ்சியது. அதில் ஒரு சிறு பகுதி எங்கே சேர்ந்தது என்பதை, அந்த இரவில் அவரருகே மண்டியிட்ட வழிப்போக்கர் விசாரணையில் கூறினார். வீடு திரும்பியதும் தம் கைகளில் படிந்திருந்த குருதியை ஒரு பாத்திரத்து நீரில் கழுவி, அந்நீரைத் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த மிகப் பழைய ரோசா மரத்தின் அடியில் ஊற்றினார். அவ்வகையில் அவன் சிறிதேனும் வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்று தாம் எண்ணுவதாகவும் கூறினார்.

இருபது ஆண்டுகளாக எழுதப்பட்ட ஒரு சொல் அம்மனிதரின் மனத்திலும் இருந்தது. அதைக் கடந்து அவ்விளைஞரின் அருகே செல்ல அவருக்குச் சில நொடிகளே தேவைப்பட்டன. அதன்பின் சாட்சிக்கூண்டில் நின்று, அச்சொல் தம் மனத்தில் எழுந்தது உண்மையே என்று ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. லண்டன் மாநகரக் காவல்துறை அதே தொலைவைக் கடக்க ஆறு ஆண்டுகளும் ஒரு பொது விசாரணையும் தேவைப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சொற்றொடரை உச்சரிக்க அதன் தலைமை தயங்கியது.